தூக்குக்குண்டு தொட்ட வளையம்

ஈயப்பற்று வைக்கிற சால்டரிங் அயனை அணைக்க மறந்து, பட்டறை மேஜையைக் கருக்கிவிட்ட அப்பாவுக்காகப் போன வாரம் உச்சுக்கொட்டியவர்கள், இந்த வாரம் கொஞ்சம் திடமாக உட்கார்ந்துகொள்ளுங்கள். மேஜை கருகியதோடு விஷயம் முடிந்திருந்தால் இந்த அத்தியாயத்துக்கே வேலை இல்லை.

மறுநாளே அம்மா போனைப் போட்டாள். பாப்பாவும் மாப்பிள்ளையும் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினார்கள். பாப்பா என்றதும் யாரோ சின்னப் பெண் என்று நினைத்துவிட வேண்டாம். நாற்பதைத் தாண்டியவள். மருந்துக்கடையில் நின்று ஊராரின் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுத்துக் கொடுப்பவள். இந்த வீட்டு வாசலை மிதித்தால் மட்டும் அவள் பாப்பா.

அவள் கணவர் தரைக்கு டைல்ஸ் பதிப்பவர். வாயைத் திறந்து பேசினால் காசு கேட்பார்களோ என்று பயப்படுகிற ரகம். கை மட்டும் சும்மா இருக்காது.

வந்த அன்றே அம்மா இருவரையும் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"அவருக்கு மறதி வந்துடுச்சு. ஆனா யாரும் அதை அவர்கிட்ட சொல்லக் கூடாது, கேக்கக் கூடாது. எதையாவது அரைகுறையா விட்டிருந்தார்னா, சத்தம் காட்டாம நாமளே சரி பண்ணி வச்சுடணும். தெரிஞ்சா மனுஷன் ஒடிஞ்சு போயிடுவார்."

இருவரும் தலையாட்டினார்கள். அப்பாவைக் காப்பாற்றுகிற சங்கம் அங்கேயே ஆரம்பமானது.

அதற்குப் பிறகு அப்பாவின் நிலைமை நாளுக்கு நாள் மோசமானது.

அவருடைய தொழில் பழைய பின்பால் மெஷின்களைப் பழுது பார்ப்பது. கண்ணாடி மூடிய நீளப் பெட்டி, உள்ளே உருண்டோடும் எஃகுப் பந்து, பந்து கீழே விழாமல் தட்டிவிட இரண்டு மட்டைகள், தலைமாட்டில் படம் வரைந்த பலகை. எல்லாம் கம்ப்யூட்டர் காலத்துக்கு முந்தையவை. பெட்டியின் வயிற்றைத் திறந்தால் காயில் சுருளும், ரிலே என்கிற தானியங்கி சுவிட்சும், கூந்தல் கூந்தலாய் கம்பியும்தான். ஒரு ரிலே எழுப்புகிற 'டக்' சத்தத்தை வைத்தே எந்த முனை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார் அப்பா.

அப்படிப்பட்டவர் ஒரு வாரமாக ஒரே மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சர்க்கஸ் படம் போட்டது, பக்கத்துத் தெருவில் விளையாட்டுக் கூடம் நடத்துபவருடையது. பொத்தானை அழுத்தினால் பந்து வரும். வந்த கையோடு 'டில்ட்' என்று சிவப்பு விளக்கு எரியும். அவ்வளவுதான், ஆட்டம் குளோஸ்.

டில்ட் என்பது மெஷினுக்குள் இருக்கும் காவல்காரன். பந்து விழப்போகிற நேரத்தில் பெட்டியை இடித்து, தூக்கி, ஆட்டிப் பித்தலாட்டம் செய்கிறவர்களைப் பிடிப்பதற்காக வைத்தது. உள்ளே ஒரு கம்பியில் பித்தளைக் குண்டு தொங்கும். கொத்தனார் சுவருக்குப் பிடிக்கிற தூக்குக்குண்டு மாதிரியேதான். அதைச் சுற்றி ஒரு வளையம். பெட்டி ஆடினால் குண்டு வளையத்தைத் தொடும், தொட்டால் விளக்கு எரியும்.

சர்க்கஸ் மெஷினில் யாருமே ஆட்டாமல் விளக்கு எரிந்தது. அப்பா சரி செய்தார். சாயங்காலம் ஜம்மென்று ஓடியது. மறுநாள் காலையில் போட்டால் மறுபடியும் டில்ட். திரும்பச் சரி செய்தார். திரும்ப அதே கதை.

"முடிச்சுட்டேன் பாப்பா, இனிமே வராது" என்று அவர் தினமும் சாயங்காலம் சொல்வார். காலையில் பட்டறையிலிருந்து சத்தமே வராது. அந்த மௌனத்தைக் கேட்டு அம்மா அடுப்படியில் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

சனிக்கிழமையும் அப்படித்தான் விடிந்தது. பாப்பா காபி டம்ளரோடு பட்டறைக்குள் போனபோது அப்பா மெஷின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் அதை அணைக்கக்கூட இல்லை.

"காபி ஆறுதுப்பா."

"கூடத்துக்காரருக்கு ஒரு போன் போட்டுடு" என்றார் அப்பா, திரும்பாமல். "சாயங்காலம் மெஷினை எடுத்துக்க வர்றேன்னாரு. வேற யார்கிட்டயாவது கொண்டுபோய்க் காட்டச் சொல்லு. என்னால முடியலைன்னு சொல்லு."

பாப்பா டம்ளரை மேஜையில் வைத்துவிட்டாள். வெள்ளத்தில் ஊறி வந்த மெஷின், தீயில் பாதி வெந்து வந்த மெஷின், எலி குடும்பம் நடத்திய மெஷின் என்று எதையெதையோ பார்த்த மனுஷன். 'முடியலை' என்ற வார்த்தையை இந்தப் பட்டறையில் அவள் கேட்டதே இல்லை.

"என்னப்பா இது, ஒரு சின்ன ரிப்பேருக்குப் போய்..."

"அதான் பாப்பா. சின்ன ரிப்பேர். என் கை ஒண்ணு சொல்லுது, மெஷின் ஒண்ணு சொல்லுது. மெஷின் பொய் சொல்லாது."

கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். ஷட்டரைப் பாதி இறக்கினார். வீட்டுக்குள் போய் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். காலை நேரத்தில் அவர் படுத்ததைக் கண்டு அம்மா கதவோரமே உட்கார்ந்துவிட்டாள்.

மத்தியானம் வரை தயங்கிவிட்டுப் பாப்பா போனை எடுத்தாள், கூடத்துக்காரரின் எண்ணைத் தேடினாள், பிறகு போனை மேஜையில் கவிழ்த்து வைத்தாள். அந்தப் போனைப் பேசிவிட்டால் அப்பாவின் கதையை அவளே முடித்துவிட்ட மாதிரி ஆகிவிடும். டாக்டரிடம் திங்கட்கிழமைக்கு நேரம் வாங்கியிருந்தாள். அதற்கு முன் ஒரே ஒரு தடவை தானே பார்த்துவிட்டால் என்ன? அப்பா ஏதாவது ஒரு திருகை முடுக்க மறந்திருந்தால், முடுக்கிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்கலாம். சங்கத்தின் சட்டமும் அதுதானே.

சின்ன வயதில் அப்பாவுக்கு டார்ச் அடித்துப் பிடித்த அனுபவம் கொஞ்சம் இருந்தது. பிளக்கைப் பிடுங்கினாள். கண்ணாடியை உருவிச் சுவரோரம் சாய்த்தாள். ஆட்டப் பலகையைத் தூக்கி நிறுத்திவிட்டு உள்ளே தலையை விட்டாள்.

தூக்குக்குண்டு தொங்கிக்கொண்டிருந்தது. வளையத்தின் ஒரு பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆக, அப்பா சரி செய்யவே இல்லை. செய்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அப்போதுதான் சிவப்புக் கோடு கண்ணில் பட்டது.

அது அப்பாவின் பழக்கம். ஒரு திருகை முடுக்கி முடித்ததும் அதன் மேலும் பக்கத்துத் தகட்டின் மேலும் சேர்ந்தாற்போல நகப்பூச்சில் ஒரு கோடு இழுப்பார். பாப்பா கல்லூரி நாளில் தூக்கிப் போட்ட பாட்டிலில் ஆரம்பித்தது, இப்போது மொத்தமாகவே வாங்கி வைக்கிறார். பிறகு யாராவது அந்தத் திருகைத் தொட்டிருந்தாலோ, அதுவே தளர்ந்திருந்தாலோ, கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

வளையத்தைப் பிடித்திருந்த திருகின் மேல் கோட்டுக்கு மேல் கோடாகப் பூச்சு அப்பியிருந்தது. அடியில் இருந்தவை எல்லாம் உடைந்தவை. மேலே இருந்த கடைசிக் கோடு பளபளவென்று, முடி அளவு விரிசல்கூட இல்லாமல் இருந்தது.

பாப்பா டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். அப்பா நேற்று முடுக்கியிருக்கிறார். கோடும் போட்டிருக்கிறார். அதற்குப் பிறகு அந்தத் திருகை ஒருவரும் தொடவில்லை, அதுவாகவும் நகரவில்லை. மனுஷன் எதையுமே மறக்கவில்லை.

அப்படியானால் குண்டு எப்படிப் போய் வளையத்தில் ஒட்டியது? குண்டுக்குத் தெரிந்ததெல்லாம் நேராகத் தொங்குவது ஒன்றுதான்.

அவள் தலையைச் சொறிந்துகொண்டு நின்ற நேரத்தில் பாதி ஷட்டருக்கு அடியில் குனிந்து மாப்பிள்ளை உள்ளே வந்தார். சனிக்கிழமை அரைநாள் வேலை. தோளில் பை, பையிலிருந்து ரசமட்டம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. வாயைத் திறந்து கிடந்த மெஷினையும், அதன் முன்னால் நின்ற மனைவியையும் பார்த்தார்.

"மறுபடியும் கெட்டுப்போச்சா?"

"ம்ம். அப்பா கையைத் தூக்கிட்டார். மெஷினைத் திருப்பிக் கொடுத்துடச் சொல்லிட்டார்."

மாப்பிள்ளையின் முகம் வாடியது. மாமனார் மேல் அவருக்கு நிஜமான பாசம்.

"அடப் பாவமே. இன்னைக்கும் விடியக்காலையில நான் சரியா வச்சுட்டுத்தானே போனேன்" என்றார்.

பாப்பா டார்ச்சை இறக்கினாள். "என்னத்தை வச்சீங்க?"

"மட்டம்தான். வண்டியை எடுக்க இங்கதானே வர்றேன். வந்த மறுநாளே பாத்தேன், மெஷின் பின்னாடி தூக்கிக்கிட்டு முன்னாடி சரிஞ்சு நிக்குது. பாவம், மாமா கவனிக்கலைபோலன்னு, ஒரு கட்டையைக் கொடுத்துத் தூக்கி, பின்கால் போல்ட்டை உள்ள திருகினேன், முன்கால் போல்ட்டை வெளியே திருகி உயர்த்தினேன். ரசமட்டம் வச்சுப் பாத்தேன், அப்படியே நடுவுல நின்னுச்சு குமிழி. ஆனா மறுநாள் பாத்தா திரும்பவும் சரிஞ்சு கிடக்கு! மாமா மறந்து மறந்து ஏத்திடறார்போல. நானும் அத்தை சொன்னபடி சத்தம் காட்டாம தினமும்..."

மாப்பிள்ளை அவ்வளவு நீளமாகப் பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. பேசப் பேசத்தான் மனைவியின் முகத்தைக் கவனித்தார். குரல் தேய்ந்தது.

"ஏன்? என்ன ஆச்சு?"

"ஏங்க" என்றாள் பாப்பா, மிக மெதுவாக. "இது சரிஞ்சுதாங்க நிக்கணும். மட்டமா வச்சா பந்து எப்படிங்க கீழே உருளும்?"

மாப்பிள்ளை மெஷினைப் பார்த்தார். ரசமட்டத்தைப் பார்த்தார். திரும்ப மெஷினைப் பார்த்தார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. பட்டறையில் இருந்த மற்ற மெஷின்கள் எல்லாம் கால் கழற்றி, பலகை மடக்கி, சுவரோரம் செங்குத்தாக நின்றவை. காலோடு நின்றது இந்த ஒன்றுதான். சரிவைக் கண்டால் தூக்கம் வராத ஒரு மனுஷன் கண்ணில் அது பட்டதுதான் வினை. அப்பா சரிவில் நிறுத்தி, குண்டு வளையத்தின் நடுவில் தொங்கும்படி முடுக்குவார். விடியக்காலையில் இவர் பெட்டியை நிமிர்த்துவார். பெட்டியோடு வளையம் நகரும், குண்டு நகராது. தொட்டுவிடும். அப்பா எழுந்து வந்து மெஷினைப் போட்டால் டில்ட். பின்காலை ஏற்றி, திருகை அவிழ்த்துக் குண்டைச் சரி பார்த்து, கோடு போட்டு... ஒரு வாரமாக மாமனாரும் மாப்பிள்ளையும் ஒரே மெஷினை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"ஐயோ" என்றார் மாப்பிள்ளை. பையை அப்படியே கீழே போட்டுவிட்டார்.

பாப்பாவுக்கு அவரைத் திட்டவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அவளை அறியாமல் சிரிப்பு பீறிட்டது. சிரித்துக்கொண்டே அழுதாள்.

பிறகு சட்டென்று நிறுத்தினாள். அவளுக்கு வேறொன்று உறைத்தது. இரண்டு நாள் முன்பு மேஜையில் சால்டரிங் அயன் ஆளில்லாமல் சூடேறிக்கொண்டிருப்பதைப் பார்த்து, பதறி அணைத்தது அவள். அப்பா சூடேறட்டும் என்று போட்டுவிட்டுக் கம்பி எடுக்கப் போயிருக்கிறார். திரும்பி வந்து குளிர்ந்து கிடந்த அயனை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். அதைக் கதவிடுக்கில் பார்த்து, "பாவம், போட்டோமா இல்லையான்னே தெரியலை" என்று அம்மாவிடம் சொன்னதும் அவள்தான்.

"அம்மா!" என்று கூப்பிட்டாள். "அப்பாவோட சாமான் எதையாவது எடுத்து வச்சியா நீ?"

அம்மா வந்தாள். "அங்கங்க இறைஞ்சு கிடந்ததை ஒழுங்கா எடுத்து டப்பாவுல போட்டு வச்சேன். அதுக்கென்ன? அவர்தான் எங்க வச்சோம்னு தெரியாம நாள் பூரா தேடிக்கிட்டு..."

பாதியில் அம்மாவின் வாய் மூடிக்கொண்டது. பாப்பாவும் மாப்பிள்ளையும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அடக் கடவுளே" என்றாள் அம்மா.

யார் போய்ச் சொல்வது என்று மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மாப்பிள்ளைதான் முதலில் நடந்தார். அறைக்குள் போய், கட்டிலின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"மாமா."

அப்பா அசையவில்லை.

"மாமா, மெஷினோட பின்காலை இறக்கினது நான்தான்."

பிறகு அப்பா மெல்லப் புரண்டு இந்தப் பக்கம் பார்த்தார். கண் சிவந்திருந்தது.

"என்ன சொன்னீங்க?"

"தினமும் விடியக்காலையில நான்தான் இறக்கினேன். சரிஞ்சு நிக்குதேன்னு மட்டம் பண்ணி வச்சேன். அது அப்படித்தான் நிக்கணும்னு எனக்குத் தெரியாது மாமா."

அப்பா எழுந்து உட்கார்ந்தார். "நான் ஏத்தி வச்சேனா?"

"வச்சீங்க மாமா."

"நேத்து?"

"நேத்தும் வச்சீங்க. அதுக்கு முந்தின நாளும் வச்சீங்க. நீங்க ஒரு நாள்கூட மறக்கலை. நான்தான்..."

"ஏத்தினேன்" என்றார் அப்பா, தனக்குத்தானே. "சாயங்காலம் ஏத்தினேன்னு கை சொல்லும். காலையில வந்து பாத்தா இறங்கிக் கிடக்கும். யார் இறக்குவா? இந்த வீட்டுல மெஷினைத் தொடறவன் நான் ஒருத்தன்தானே. அப்போ நானே இறக்கிட்டு நானே மறந்துட்டேன்னுதானே அர்த்தம்?" வாசலில் நின்ற மகளைப் பார்த்தார். "பயந்துட்டேன் பாப்பா. ரொம்பப் பயந்துட்டேன்."

முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு குலுங்கினார். அம்மா ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவினாள். தடவிக்கொண்டே, "வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?" என்று திட்டினாள்.

"நீ கேட்டியா?" என்றார் அப்பா கைக்குள்ளிருந்து.

அம்மா அவர் முதுகை இன்னும் வேகமாகத் தடவினாள்.

பாப்பா எல்லாவற்றையும் கொட்டினாள். சமையலறைச் சங்கம், அணைத்த அயன், டப்பாவுக்குள் போன சாமான்கள். அப்பாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. கோபப்படுவார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். முதலில் சின்னதாக, பிறகு கட்டில் ஆடுகிற அளவுக்கு.

"மூணு பேர் சேர்ந்து ஒரு மனுஷனைப் பைத்தியமாக்கப் பாத்திருக்கீங்களே!"

"முதல் நாள் அயனை மறந்தது நிஜம்தானேப்பா" என்றாள் பாப்பா.

"நிஜம்தான். உங்கம்மா பக்கத்து வீட்டுச் சண்டையைப் பாக்கக் கூப்பிட்டா, ஓடினேன். அது மறதி இல்ல, வேடிக்கை."

"எதுக்கும் திங்கக்கிழமை டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடலாம்."

"வர்றேன்" என்றார் அப்பா உடனே. "இப்போ எங்க வேணா வர்றேன். மாப்பிள்ளை, அந்த ரசமட்டத்தை எடுத்துக்கிட்டு வாங்க. குறுக்கே மட்டம், நெடுக்கே சரிவு. எப்படின்னு காட்டறேன்."

அடுத்த அரைப்பொழுதும் பட்டறை ஒரே கூச்சல். பின்காலை ஏற்றினார்கள். குண்டு தானாக வளையத்தின் நடுவுக்கு வந்து நின்றது. புதிதாகக் கோடு போட வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் அப்பா போட்டார். கால் போல்ட்டுகள் ஒவ்வொன்றின் மேலும் ஒரு கோடு இழுத்துவிட்டு, மாப்பிள்ளையைக் கடைக்கண்ணால் பார்த்தார். மாப்பிள்ளை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

பொத்தானை அழுத்தினார்கள். பந்து வந்தது. சிவப்பு விளக்கு எரியவில்லை. பந்து மணிகளில் மோதி, துள்ளி, எண்கள் கடகடவென்று உருள, அம்மா ஒரு ஓரமாக நின்று கைதட்டினாள். பாப்பா ஆடினாள், தோற்றாள். மாப்பிள்ளை ஆடினார், முதல் பந்தே கீழே போனது. அப்பா ஆடினார். நிறுத்தவே இல்லை.

"கூடத்துக்காரர் என்ன சொன்னார்னு நீங்க கேக்கவே இல்லையேப்பா?" என்றாள் பாப்பா.

"என்ன சொன்னார்?"

"நான் போனே பண்ணலை."

அப்பா பந்திலிருந்து கண்ணை எடுக்காமல் தலையாட்டினார். ஆட்டம் முடிந்ததும் மட்டைப் பொத்தான்களிலிருந்து கையை எடுத்தவர், அப்படியே நின்றுவிட்டார். சிரிப்பு மெல்ல மறைந்தது.

"நீ போன் பண்ணலை. ஆனா நான் ஒரு போன் பண்ணிட்டேன் பாப்பா."

"யாருக்கு?"

"உன் தம்பிக்கு."

பாப்பாவின் தம்பி வெளியூரில் பெரிய அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். கல்யாணமாகி அங்கேயே வாடகை வீட்டில் குடித்தனம்.

"எப்போ? என்ன சொன்னீங்க அவன்கிட்ட?"

"போன ஞாயித்துக்கிழமை. எல்லாரும் கடைத்தெருவுக்குப் போயிருந்தீங்களே, அப்போ. எனக்கு எல்லாம் மறந்துக்கிட்டே வருதுடா, உன் முகம் மறக்கறதுக்குள்ள வந்துடுன்னு சொன்னேன்."

"அதுக்கு அவன்?"

"அழுதான். வந்துடறேன்பான்னான். இங்கேயே வந்துடறேன்னான்."

பாப்பா தம்பிக்குப் போன் போட்டாள். மணி அடித்தது. அடித்த சத்தம் போனில் மட்டும் கேட்கவில்லை, ஷட்டருக்கு வெளியிலும் கேட்டது. கூடவே ஒரு வண்டி பின்வாங்கி நிற்கிற சத்தம்.

மாப்பிள்ளை ஷட்டரை முழுதாகத் தூக்கினார். வாசலை அடைத்துக்கொண்டு ஒரு சின்ன லாரி. பீரோ, கட்டில், துணி துவைக்கிற மெஷின், தலைகீழாகக் கட்டிய நாற்காலிகள். முன்பக்கக் கதவைத் திறந்துகொண்டு தம்பி குதித்து ஓடி வந்தான். நேராக அப்பாவின் முன்னால் வந்து நின்றான். அவர் கன்னத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, குழந்தையிடம் கேட்பது போல ஒவ்வொரு சொல்லாகக் கேட்டான்:

"அப்பா, நான் யாருன்னு தெரியுதா?"

"தெரியுதுடா" என்றார் அப்பா. "நல்லாத் தெரியுது. எனக்கு ஒண்ணுமே இல்லடா. வேலையை என்ன பண்ணினே?"

தம்பி அவரையே பார்த்தான். "உங்களுக்கு ஒண்ணும் இல்லையாப்பா? நிஜமாவா?" அப்பாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தான். அந்த அழுகையில் இருந்தது முழுக்க முழுக்கச் சந்தோஷம். பாப்பாவும் போய் அவர்களோடு சேர்ந்துகொண்டாள். வேலை என்ன ஆனது என்ற கேள்விக்கு லாரியே பதில் சொல்லிவிட்டதால், யாரும் அதைத் திரும்பக் கேட்கவில்லை.

அப்பாதான் முதலில் நிமிர்ந்தார். லாரியின் முன் இருக்கையில் மருமகள் இன்னும் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு கடிகாரம், கால்மாட்டில் அரிசி டப்பா. அவர் கிட்டே போய்க் கதவைத் திறந்தார்.

"இறங்கி வாம்மா."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். நேராக நிற்கிற மாமனாரை, அவர் கண்ணில் இருந்த தெளிவை, பின்னால் விளக்கெல்லாம் போட்டுக்கொண்டு நின்ற மெஷினை.

"நல்லா இருக்கீங்களா மாமா?"

"நல்லா இருக்கேம்மா. எல்லாம் ஒரு தப்பாப் போச்சு."

"ரொம்பச் சந்தோஷம் மாமா" என்றாள் அவள், மனசாரத்தான். கடிகாரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அப்போ நாங்க இறங்கணுமா, வேண்டாமா?"